வெள்ளை விரிப்பும் நான்கு கதிரைகளும்

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. வயிற்றில் சத்திரசிகிச்சை செய்த காயம் ஆறிவிட்டது, இனி எழுந்து நடக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவள் எழவில்லை. பின்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டால் மட்டும் பதில் சொல்வாள்.

அக்குறணையைத் தாண்டி, மாத்தளை வீதியிலிருந்து சற்று உயரத்தில் எங்கள் வீடு. அவள் விஞ்ஞானம் படிப்பிப்பவள். மழை விட்ட மாலைகளில் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துவந்து, பின்முற்றத்தில் வெள்ளைத்துணி கட்டி, பல்ப் போட்டு, வருகிற பூச்சிகளையெல்லாம் எழுதவைப்பாள். நான் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன். அந்த மாலைகளில் பெரும்பாலும் வீட்டில் இருந்ததில்லை.

ஐப்பசியில் ஒருநாள் மழை ஐந்து மணிக்கே விட்டது. அலுமாரியிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து, கட்டிலிலிருந்து தெரியும்படி ஜன்னலுக்கு நேரே கொடியில் போட்டேன். நூறு வாட்ஸ் பல்பைக் கொய்யாக் கிளையில் கட்டினேன். ஆறரைக்கு அதை எரியவிட்டு, கொப்பியோடு படியில் உட்கார்ந்தேன்.

முதலில் ஈசல் வந்தது. பிறகு அரிசியளவில் பச்சைத் தத்துப்பூச்சிகள். ஆறு ஐம்பதுக்கு ஒரு கும்பிடுபூச்சி விரிப்பின் ஓரத்தில் இறங்கி, ஈசலொன்றைப் பிடித்துத் தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. ஏழு மணிக்குக் காய்ந்த இலை நிறத்தில், உள்ளங்கை அகலத்தில் ஓர் அந்துப்பூச்சி. எழுதியதையெல்லாம் ஜன்னலைப் பார்த்து உரக்க வாசித்தேன்.

ஏழேகாலுக்குக் கேட் திறந்தது. வீதியோரம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் வந்தார். கையில் இரண்டு, தோளில் இரண்டு மடக்குக் கதிரைகள். கண் சிவந்திருந்தது.

"ஒரு சொல் சொல்லியனுப்பப்படாதா, தம்பி? ரோட்டுல நின்டு வெள்ளத்துணியக் கண்டுதானே ஓடி வாறன்."

எங்கள் பக்கத்தில் எந்த மதத்தவர் வீடானாலும், வெள்ளைத்துணியும் முற்றத்தில் பெரிய பல்பும் கண்டால் அது சாவு வீடு. எத்தனையோ சாவு வீடுகளுக்குச் செய்தி எடுக்கப் போனவன் நான். மனைவி வழக்கமாகக் கட்டும் மூலை வீதிக்குத் தெரியாது; நான் கட்டிய இடம் தெரியும். துணியைக் கட்டும்போது இதெல்லாம் நினைவுக்கே வரவில்லை.

நான் வாய் திறக்குமுன் அவர் ஒரு கதிரையை விரித்துக்கொண்டே, "தங்கமான மனுசி," என்றார். "எப்ப எடுக்குற?"

"இப்போதைக்கு எடுக்கிற மாதிரி இல்ல, நானா."

குரல் வந்த பக்கம் திரும்பினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று எனக்குத் தெரியாது.

நானாவின் தோளிலிருந்த கதிரைகள் சரிந்து விழுந்தன. "யா அல்லாஹ்! டீச்சர்!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாலே நாலு கதிரயா? எனக்கு அவ்வளவு சனந்தான் வருமா?"

"மிச்சம் எட்டு கடையில ஈக்கி, டீச்சர்," என்றார் நானா, கண்ணைத் துடைத்தபடி.

அவள் சுவரைப் பிடித்துச் சமையலறை வழியாக மெல்ல வந்தாள். படியில் நான் கை நீட்டினேன். கையைப் பிடிக்காமல் கொப்பியை வாங்கிக்கொண்டு, நானா விரித்த கதிரையில் உட்கார்ந்து படித்தாள்.

"அந்துப்பூச்சின்னு எழுதிட்டா ஆச்சா? ஆணா, பொண்ணா?"

"அத எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கிட்டப் போயி உணர்கொம்பப் பாருங்க. சீப்பு மாதிரி விரிஞ்சிருந்தா ஆணு."

நானும் நானாவும் விரிப்பருகே குனிந்தோம். "சீப்பேதான்," என்றார் அவர். அவள் எழுதினாள்.

எட்டு மணிக்குப் பல்பை அணைக்கப் போனேன். "இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள்.

நானாவுக்கு அப்போதுதான் ஏதோ நினைவு வந்தது. "வார வழியில நாலஞ்சு பேருக்குச் சொல்லிட்டனே!" என்று கேட்டுக்கு ஓடினார். சற்று நேரத்தில் இருட்டிலிருந்து அவர் குரல் கேட்டது:

"இல்ல இல்ல, டீச்சர் நல்லா ஈக்கிறா. பூச்சி பாக்குறா. நீங்களும் வந்து குந்துங்க, கதிர ஈக்கி."