கொச்சிக்குக் கொண்டுபோன கடாரங்காய்

ஞாயிற்றுக்கிழமை காலை திண்டுக்கல் நாகல் நகரில் ஜட்கா வண்டி பிடித்தேன். ஸ்டேஷனுக்கு வண்டிக்காரர் எட்டணா கேட்டார். பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றே போதும், நான் என்ன நிலையில் இருந்தேன் என்று புரிந்துவிடும். மடியில் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் ஆஸ்பத்திரிப் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரே ஒரு கடாரங்காய்.

"குழி பாத்து ஓட்டுப்பா" என்றேன்.

"உள்ள என்னம்மா, முட்டையா?"

"அதுக்கும் மேல."

வண்டிக்காரர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். உப்பில் ஊறப்போடுகிற காய்க்கு இவ்வளவு பயபக்தியா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

விஷயம் இதுதான். நான் திண்டுக்கல்லில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். மதுரையில் நர்ஸிங் படித்தபோது ஹாஸ்டலில் ராஹேல் எனக்குப் பக்கத்துக் கட்டில். கொச்சி யூதப் பெண். அவர்கள் ஜனத்தில் பெரும்பாலோர் இந்தச் சில வருஷங்களில் இஸ்ரேலுக்குக் கப்பலேறிவிட்டார்கள். இந்தப் பண்டிகை முடிந்ததும் ராஹேலும் அவள் அப்பா எலியாகுவும் போகிறார்கள். கிறிஸ்தவர்களான எங்கள் வேதாகமத்தில் கூடாரப் பண்டிகை என்று வருமே, அந்தப் பண்டிகை. விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்தபின், ஓலைக் கொட்டகை போட்டு ஏழு நாள் அதிலேயே சாப்பிடுவார்கள். காலை ஜெபத்தில் ஈச்சங்குருத்தையும் இரண்டு வகைத் தழைகளையும் வலக்கையிலும், கடாரங்காயை இடக்கையிலும் பிடித்து ஆசி சொல்வார்கள். அவர்கள் ஜெபாலயத்தில் அதை முன்னின்று நடத்துபவர் எலியாகுதான். வழக்கமாகக் காய் கொடுத்த குடும்பம் கப்பலேறிப் போக, இடத்தை வாங்கியவர் மரத்தை வெட்டிவிட்டார். 'உங்கள் பக்கம் இது விளையும் என்பாயே ஞானம், அப்பாவுக்கு இங்கே இதுதான் கடைசிப் பண்டிகை, ஒன்று கொண்டு வா' என்று ராஹேல் எழுதியிருந்தாள்.

ஒன்று கொண்டு வா என்று எழுதுவது சுலபம். நிபந்தனைகளைக் கேளுங்கள். ஒட்டுப் போடாத மரமாக இருக்க வேண்டும். தோலில் புள்ளி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூ உதிர்ந்த பக்கத்தில் கிராம்பு போல நீட்டிக்கொண்டு நிற்கும் சின்ன நுனி ஒடியக் கூடாது. ஒடிந்தால் முதல் இரண்டு நாளும் அந்தக் காயை எடுத்து ஆசி சொல்ல முடியாது.

சனிக்கிழமை பஸ் பிடித்துச் சித்தையன்கோட்டைக்குப் போனேன். திண்டுக்கல்லிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல். தென்னந்தோப்பும் வாழையுமாக இருந்த ஒரு தோட்டத்தின் வேலியோரத்தில் ஒரு கடார மரம் நின்றது. தோட்டக்காரர் பெருமாள் ஒவ்வொரு காயாகக் காட்டக் காட்ட, நான் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"ஏம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல பாக்குறீக! ஊறுகா போடுற காய்க்கு இம்புட்டுப் பவுசா?"

"ஊறுகாய்க்கு இல்லண்ணே. கொச்சியில ஒரு பெரியவரு சாமி கும்பிட."

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தில் ஏறி, முள்ளில் கை கிழிய, உச்சிக் கொப்பிலிருந்து ஒரு காயைக் காம்போடு அறுத்துக்கொண்டு இறங்கினார். மஞ்சள் ஏற ஆரம்பித்த காய். ஒரு புள்ளி இல்லை. நுனி நேராக நின்றது. இரண்டு ரூபாய் கொடுத்தேன். சாமி காரியம் என்று ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்படி வந்த காய்தான் ரயிலில் என் மடியில் உட்கார்ந்திருந்தது. பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகும் பாசஞ்சர் வண்டி. ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்க மனம் ஓடவில்லை. சோளக்காடும் கமலைக் கிணறும் அவைபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு அம்மாள் ஏறி எதிரே உட்கார்ந்தார். நெற்றி நிறையக் குங்குமம், மடியில் பூக்கூடை, உடுமலைப்பேட்டைக்குப் போகிறவர். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, மடியில என்னமோ பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்களே?"

கடாரங்காய் என்றேன். சாமிக்கு என்றேன். யூதர், கூடாரம் என்று விளக்கப் போனால் உடுமலை வரைக்கும் கேள்வி வரும். அதனால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பழனியில் வண்டி கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். தொண்டை வறண்டுவிட்டது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு குழாயடிக் கூட்டத்தில் இடிபடுவதைவிட விட்டுவிட்டுப் போவதே மேல் என்று தோன்றியது.

"கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? யாரும் தொடாம."

"நீங்க போயிட்டு வாங்க அம்மிணி. எங்கண்ணு மாதிரி பாத்துக்கறேனுங்க."

தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். டப்பா திறந்திருந்தது. காயின் மேல் குங்குமப் பொட்டு. சுற்றி ஒரு முழம் கதம்பம். நுனியைக் காணோம்.

"படைக்கிற பழத்தெ நுனி கிள்ளித்தானுங்க வெக்கோணும். நீங்க அப்படியே எடுத்துட்டுப் போறீங்களேன்னு நானே கிள்ளி, பொட்டு வெச்சுட்டேனுங்க."

வாழைப்பழம் படைக்கும்போது நுனி கிள்ளி வைப்பார்கள், நாமெல்லாம் பார்த்ததுதான். அந்த வழக்கப்படி, முழு மனத்தோடு செய்திருக்கிறார். எனக்கோ 'அடிப் பாவி' என்று அலற வேண்டும்போல இருந்தது. குனிந்து பெஞ்சுக்கு அடியில் கையால் துழாவினேன்.

"தப்புப் பண்ணிட்டேனுங்களா?" அந்த அம்மாள் பயந்துபோனார்.

"இல்லீங்க. நல்லதுதான் செஞ்சீங்க" என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல முடியும்? அவர் உடுமலையில் இறங்கும்போது எனக்கும் கொஞ்சம் பூ கொடுத்துவிட்டுப் போனார். பெஞ்சுக்கடியில் கிடைத்த நுனி என் கைக்குட்டையில் முடிச்சாக இருந்தது.

பாலக்காடு டவுனில் இறங்கி, ஒலவக்கோடு ஜங்ஷனுக்குப் போய், வெயிட்டிங் ரூமில் இரவைக் கழித்தேன். தூக்கமாவது ஒன்றாவது! திரும்பிப் போய் வேறு காய் பறிக்கலாமா என்று கணக்குப் போட்டேன். திங்கள் சாயங்காலம் பண்டிகை தொடங்கிவிடும். எப்படிப் போட்டாலும் கணக்கு உதைத்தது.

திங்கள் மதியம் எர்ணாகுளத்தில் ராஹேல் காத்திருந்தாள். கொச்சிக்குப் படகில் போகும்போது டப்பாவைத் திறந்து காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கிள்ளின இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். காயலில் காற்று பலமாக அடித்தது, மழை வரும்போல இருந்தது.

"ஞானம், சில காய் மரத்திலேயே நுனி இல்லாம வளரும். அது குத்தமில்ல, எடுக்கலாம். இதுவும் அப்படித்தான்னு சொல்லிடு."

"பொய்யா?"

"கிள்ளின இடம் காஞ்சு பழுப்பாயிடுச்சு. யாருக்குத் தெரியும்? அவர் இங்க இனி ஒரு தடவை நிக்கப் போறாரா? உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

நான் தலையாட்டினேன். மனசார ஆட்டினேன் என்றே சொல்ல வேண்டும்.

வீட்டு முற்றத்தில் எலியாகு ஏணிமேல் நின்று கொட்டகைக்குத் தென்னங்கீற்று கட்டிக்கொண்டிருந்தார். கீற்றுக்கு நடுவே நட்சத்திரம் தெரியும் அளவுக்கு இடைவெளி விட வேண்டுமாம். என்னைக் கண்டதும் இறங்கி, கைகழுவி, காயை இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் மோந்து பார்த்தார். சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். பிறகு திருப்பினார். சிரிப்பு நின்றது.

அவர் மலையாளத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"மகளே, இது மரத்திலேயே இப்படியா, வழியில் போனதா?"

ராஹேல் என்னையே பார்த்தாள். ரயிலில் அந்த அம்மாளிடம் பொய் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. இங்கே நாக்கு எழவில்லை. அவர் நம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"வழியில் போனதுதான் ஐயா" என்றேன். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். பழனி, பூக்காரம்மாள், எல்லாம் சொன்னேன்.

அவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். "எதற்காகக் கிள்ளினாளாம்?"

"சாமிக்குக் கொடுப்பதை அவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள்."

"அப்படியானால் அவளைக் கோபிக்க ஒன்றுமில்லை" என்றார். ஆனால் காயைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. ராஹேல் விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் தேங்காய்ப்பால் மீன்குழம்பும் சோறும். நடுவில் தூறல் விழுந்து இலையெல்லாம் நனைந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபாலயம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், நம் கோயில் மாதிரி. பெண்களுக்கு மாடி. கண்ணாடி விளக்குகளில் தேங்காயெண்ணெய்ச் சுடர். கீழே ஆண்கள் பத்துப் பதினைந்து பேர்தான். ஒரு காலத்தில் நிற்க இடம் இருக்காது என்று பக்கத்திலிருந்த கிழவி சொன்னாள். எலியாகு எழுந்து குருத்தையும் தழையையும் வலக்கையில் எடுத்தார். காய் இல்லாததால் ஆசிமொழி சொல்லவில்லை, சும்மா அசைத்தார். இடக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையைப் பிடித்துக்கொண்டார். ராஹேல் எனக்கு ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் செய்தது சரிதானா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் திருவிழாவுக்கு ஒரு காய் கெட்டால், சந்தைக்கு ஓடி இன்னொன்று வாங்கிவருவோம். திருவிழாவும் அடுத்த வருஷம் வரும். இவர்களுக்கு இங்கே இன்னொரு காயும் இல்லை, இன்னொரு வருஷமும் இல்லை. புதன்கிழமையும் அப்படியே போயிற்று.

வியாழன், மூன்றாம் நாள். அன்றிலிருந்து நுனி ஒடிந்த காயும் ஆகும் என்பது அவர்கள் வழக்கம். எலியாகு அதை இடக்கையில் ஏந்தி ஆசி சொன்னார். முதல் வரியிலேயே குரல் உடைந்தது. பிறகு காய் ஒவ்வொருவர் கையாகப் போய், கடைசியில் மாடிக்கு வந்தது. ராஹேல் ஜெபித்துவிட்டு, நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மோந்து பாரு" என்று என் கையில் வைத்தாள்.

அன்று பிற்பகலே எனக்கு வண்டி. எலியாகு படகுத்துறைவரை வந்தார். மூன்று நாளாக மனதில் அரித்ததைக் கேட்டேவிட்டேன். "நான் பொய் சொல்லியிருந்தால் ஐயா?"

"நம்பியிருப்பேன். சந்தோஷமாக ஆசி சொல்லியிருப்பேன்" என்றார். "நாங்கள் போகிற இடத்தில் கடையிலேயே விற்பார்களாம். பெட்டி பெட்டியாக, நுனியோடு, ஒரு குறை இல்லாமல். ஆனால் இருநூறு மைல் மடியில் வைத்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்."

படகு நகர்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.