கொடிக்கயிற்றில் ஆசியக் கோப்பை

நெய்வேலியில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் அந்த பிளாக்கின் கடைசி வீடு. அதன் பின்பக்கம் ரோட்டைப் பார்த்திருந்தது. மைன்ஸிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் ஷிப்ட் பஸ் அங்கேதான் வேகம் குறைந்து திரும்பும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு என் வீட்டு அடுக்களை ஜன்னல், முருங்கை மரம், துணி உலர்த்தும் கொடிக்கயிறு எல்லாமே பளிச்சென்று தெரியும். குடிவந்த புதிதில் இதற்காக என் வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்தேன். ஊரே பார்க்கத் துணி காயப்போடுவதா என்று கேட்டேன். அந்த மனுஷன் அதையே தனக்கு வசதியாக்கிக்கொண்டார்.

அவருக்குக் கால்பந்துப் பைத்தியம். சாதாரணப் பைத்தியம் இல்லை. இந்திய அணி வெளிநாட்டில் எங்கேயாவது ஆடினால், முடிவு மறுநாள் காலை ரேடியோவில் ஒரே ஒரு வரியாக வரும். எங்கள் வரிசையில் ரேடியோ இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். ஆனால் செய்தி வாசிக்கும் நேரத்தில் அவர் ஃபர்ஸ்ட் ஷிப்டில், சுரங்கத்துக்குள் பம்புகளுக்குப் பக்கத்தில் நிற்பார். சாயந்திரம் வந்து கேட்டுக்கொள்ளுங்களேன் என்றால் கேட்கமாட்டார். அவரோடு பஸ்ஸில் வருகிற சிநேகிதர்களும் வேறு வேறு பிளாக்குகளுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் முடிவு உடனே தெரிந்தாக வேண்டும்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். செய்தியைக் கேட்டு நான் கொடியில் துணி போடவேண்டும். பச்சைச் சேலை போட்டால் ஜெயித்தாயிற்று. அரக்குச் சேலை போட்டால் தோல்வி. வெள்ளை வேட்டி மட்டும் தொங்கினால் டிரா. என்னிடம் இருந்த நல்ல சேலைகளே அந்த இரண்டுதான். இரண்டும் வெயிலில் காய்ந்து காய்ந்து வெளுத்ததற்கு யாரைக் கேட்பது?

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டம்மா என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா அக்கா என்று உயிராக இருப்பாள். அவள் கொடியும் என் கொடியும் பக்கம் பக்கமாக இருந்தன. ஒரு முறை விஷயம் தெரியாமல் அவள் தன் சிவப்புச் சேலையை என் பச்சையை மறைக்கும்படி உலர்த்திவிட்டாள். பஸ் முழுக்கத் தோல்வி என்று முடிவு கட்டிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாகச் சாப்பாடு வேண்டாமென்று கவிழ்ந்து படுத்துக்கொண்டார். உண்மையில் அன்று இந்தியா ஜெயித்திருந்தது. அதற்குப் பிறகு ஆட்டம் நடக்கும் நாட்களில் அவளும் கலர்த் துணியை வெளியே போடமாட்டாள்.

"அக்கா, ஒங்க பந்தாட்டத்துக்காக நான் ஈரச் சேலைய கூடத்துல கட்டித் தொங்கவிட்டுக் கெடக்கேன். புள்ளைங்க தலையில சொட்டுது," என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

எல்லோரும் இதைப் பெரிய வேடிக்கையாக எண்ணினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு முன்பு அவர் நெல்லிக்குப்பத்தில் பெயர் சொல்லும்படி ஆடியவர். மெட்ராஸில் பெரிய டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், வந்து கலந்துகொள் என்று அவருக்கு அழைப்பு வந்தது. அதே சமயத்தில்தான் நெய்வேலியில் வேலையும் கிடைத்தது. குறிஞ்சிப்பாடியில் எங்கள் அப்பா ஒரே பிடியாக நின்றார். பர்மனென்ட் ஆர்டரைக் கண்ணால் பார்த்தால்தான் பெண் கொடுப்பேன் என்றார். புதிதாக வேலையில் சேர்ந்தவன் லீவு போட்டுவிட்டுப் பந்து விளையாடப் போனால் பர்மனென்ட் எங்கே ஆவது? அவர் மெட்ராஸ் போகவில்லை. ஆர்டர் வந்தது, நானும் வந்தேன். பூட்ஸ் பரணுக்குப் போயிற்று.

அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். டவுன்ஷிப் மைதானத்தில் ஷிப்டுக்கு ஒரு டீம் என்று ஆடினார்கள். எத்தனையோ பேர் வந்து கூப்பிட்டும் அவர் போகவில்லை. கால் மடங்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். ஊரே மெச்சிய அவருடைய ஆட்டத்தை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. எனக்குச் சக்களத்தி யாரென்றால் ஒரு தோல் பந்துதான். அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்ததற்கு இந்த மனுஷன் மனசுக்குள் வருத்தப்படுகிறாரா என்பதுதான் என் பயம்.

அறுபத்து நாலாம் வருஷம் கோடையில் ஆசியக் கோப்பைப் போட்டி வந்தது. இஸ்ரேலில் நடந்தது. நாலே நாடுகள்: இஸ்ரேல், இந்தியா, தென்கொரியா, ஹாங்காங். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் மோதவேண்டும்.

"இந்த வாட்டி கோப்ப நமக்குத்தான். நீ வேணா பாத்துக்கினே இரு," என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஷிப்ட் மாறவேண்டிய வாரத்திலும் இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு ஃபர்ஸ்ட் ஷிப்டிலேயே இருக்க ஏற்பாடு செய்துகொண்டார். கோப்பை கிடைத்துவிட்டால், அந்த டீமில் தான் இல்லையே என்று இவர் என்னை எந்த முகத்தோடு பார்ப்பாரோ?

முதல் ஆட்டம் கொரியாவோடு. அன்று மத்தியானம் ரேடியோவில் பாட்டு சட்டென்று நின்றது. பிரதமர் காலமானார் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். இரண்டு பேரும் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதோம். சொந்தத்தில் ஒரு பெரியவர் போனது போலத்தான் இருந்தது. கால்பந்து யாருக்கு நினைவில் இருந்தது?

மறுநாள் ஊரே மூடிக் கிடந்தது. ஆனாலும் மைன்ஸ் பம்புகளை எந்தத் துக்கத்துக்காகவும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஊற்றுத் தண்ணீர் குழியை நிரப்பிவிடும். அவரும் இன்னும் கொஞ்சம் பேரும் விடியலிலேயே பஸ் ஏறிப் போனார்கள். ரேடியோவில் வீணையும் இறுதி ஊர்வலமும்தான். கொரியா ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சாயந்திரம் மௌன ஊர்வலத்துக்கு வெள்ளை வேட்டி வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். துவைத்தேன், கொடியில் போட்டேன். வேறு துணி எதுவும் போட மனசு வரவில்லை.

பஸ் வந்தது, திரும்பிப் போனது. வீட்டுக்குள் வந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"டிராவா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயையோ, டிராவும் இல்ல ஒண்ணும் இல்லங்க. வேட்டி வேணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அடிப்பாவி! பஸ்ல எல்லாரும் டிரான்னு சொல்லிக்கினு போயிட்டானுங்களே."

அன்று சாயந்திரம் ஊர்வலத்தில் அதே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு போனவரிடம் நாலு பேர் காதோடு காதாக, "கொரியாகிட்ட டிராவாமே" என்று கேட்டிருக்கிறார்கள். மௌன ஊர்வலத்தில் அவர் என்னவென்று விளக்குவார்?

அதற்கடுத்த நாள் பேப்பர் முழுக்க ஊர்வலப் படங்கள். ஒரு மூலையில் பொடி எழுத்தில் கண்டுபிடித்தேன். இந்தியா கொரியாவை ஜெயித்திருந்தது, இரண்டுக்குப் பூஜ்யம். பச்சைச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நாடே துக்கம் காக்கும்போது இது சரியா? பக்கத்து வீட்டுக்காரிதான், "போடுங்கக்கா, அந்தப் பெரியவர் இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பார்" என்றாள். போட்டேன். பஸ்ஸிலிருந்து ஒரு கைதட்டல் எழுந்து, நினைவு வந்தாற்போலப் பாதியில் அடங்கியது.

அடுத்து இஸ்ரேலிடம் தோற்றோம், அரக்கு. ஹாங்காங்கை ஜெயித்தோம், பச்சை. இஸ்ரேலுக்கும் கொரியாவுக்கும் ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி. அதில் கொரியா நன்றாக ஜெயித்தால் கோப்பைக்கு நமக்கும் வழி உண்டு என்று அவர் கணக்குச் சொன்னார். முன்பின் அறியாத கொரியாக்காரர்களுக்காக எங்கள் பஸ் முழுக்க வேண்டிக்கொண்டது. நான் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சாமி விளக்கை ஏற்றிவிட்டுச் சும்மா நின்றேன்.

காலைச் செய்தியில் சொன்னார்கள். இஸ்ரேல் ஜெயித்துவிட்டது. கோப்பை அவர்களுக்கு, இரண்டாம் இடம் இந்தியாவுக்கு.

இதற்கு எந்தச் சேலையைப் போடுவது? ஆசியாவிலேயே இரண்டாவதாக வந்ததைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனசில்லை. கோப்பை கைவிட்டுப் போனபின் பச்சையைப் போட்டால் அது பொய். கடைசியில் பச்சையை என் கொடியில் போட்டேன். அரக்கைப் பக்கத்து வீட்டுக் கொடியில் போட்டேன். பஸ் திரும்பும்போது உள்ளே ஒரே கூச்சல். ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "இன்னாடி இது ரெண்டு சேல? ஜெயிச்சமா, தோத்தமா?"

"ரெண்டாவது," என்றேன்.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சுரங்கத்துச் சேறு காலில் காய்ந்திருந்தது. எவ்வளவு நாள் அடக்கி வைத்தேனோ அதெல்லாம் அந்த நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டது.

"எங்கப்பா ஆர்டர் ஆர்டர்னு நிக்காம இருந்திருந்தா நீங்க மெட்ராஸ் போயிருப்பீங்க. யாரு கண்டா, இன்னிக்கி அந்த டீம்லயே இருந்திருப்பீங்க. என்னாலதான எல்லாம்?" அழுகை வந்துவிட்டது.

அவர் என்னை ஏதோ புதுசாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "பைத்தியமே! இத்த நெனச்சிக்கினா இத்தினி நாளா மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருந்த? மெட்ராஸ் பசங்க ஆட்டத்த நான் பாத்திருக்கேன். ரெண்டாம் நாளே என்ன வூட்டுக்கு அனுப்பி வச்சிருப்பான்."

அது நிஜமா, எனக்காகச் சொன்ன பொய்யா என்று இன்றுவரை தெரியாது. அவர் போனபிறகு கேட்கவும் ஆள் இல்லை.

"அங்க ஆடினவன் எவனுக்காச்சும் பொண்டாட்டி இப்டி சேல போட்டு சேதி சொன்னாளா, சொல்லு?" என்றார்.

எழுந்து போய் இரண்டு சேலைகளையும் அவரே எடுத்துவந்தார். ஆம்பிளை கொடியிலிருந்து சேலை எடுப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அரக்கை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பச்சையை என்னிடம் நீட்டினார்.

"இத்த கட்டிக்கினு வா. கிரவுண்டுக்குப் போவலாம்."

பரணிலிருந்து எடுத்த பூட்ஸ் வெடித்துப்போயிருந்தது. அதை விட்டெறிந்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார். அந்தக் கோப்பையில் நம் நாடு அதற்குமேல் போனதே இல்லை என்று பேரன் இப்போது சொல்கிறான். எனக்கு அந்த வருஷம் என்றால் நினைவுக்கு வருவது டவுன்ஷிப் மைதானம்தான். புல்லில் நான் ஒருத்தி மட்டும் பெண்ணாக உட்கார்ந்திருந்தேன். அவர் ஓடினார், இரண்டு பேரைத் தாண்டினார், ஓங்கி உதைத்தார். பந்து கோல் கம்பத்துக்கு எட்டாத தூரத்தில் எங்கேயோ போய் விழுந்தது. மைதானமே சிரித்தது. இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து நின்று பச்சை முந்தானையைத் தூக்கிக் காட்டினேன்.