ஐந்தாவது வரியில் இருந்த பெயர்

அந்த நிலவறையில் "மரி" என்று சொன்னது யார்? எனக்குத் தெரியாது. கல்லூரியில் புள்ளிவிபரவியல் படிப்பிப்பவள் நான். தெரியாததைத் தெரியாது என்று எழுத வெட்கப்படுவதில்லை. பேய்க்கதை தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் ஏமாறக்கூடும். இது பழைய மொன்றியலில் இரண்டு மணித்தியாலம் நடக்க விரும்புபவர்களுக்கான குறிப்பு. நடுவில் எனக்கு விளங்காத ஒன்று நடந்தது, அவ்வளவுதான்.

போனது நவம்பர் முதலாம் திகதி, சனிக்கிழமை. ரொறொன்ரோவிலிருந்து மொன்றியல் ஏறத்தாழ 540 கிலோமீற்றர். அதற்கு முதல் நாள் காலை ரயிலில் போனேன். ஐந்தரை மணித்தியாலம், 89 டொலர். காரணம் மேர்சி. மன்னாரில் என்னோடு படித்தவள். இப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடி வீடொன்றில் இருக்கிறாள், குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே நகரசபைத் தேர்தல். "நீ பக்கத்தில நிண்டால் போய்ப் போடுவன். தனியப் போகமாட்டன்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

நாற்பத்தொன்பது வயதில் மேர்சி ஒருமுறையும் வாக்களித்ததில்லை. மன்னாரில் எங்களுக்கு வாக்குரிமை வந்த முதல் தேர்தலில் வரிசையில் நின்று உள்ளே போனாள். "உம்மட வாக்குப் போட்டாச்சே பிள்ளை" என்றார் மேசையில் இருந்தவர். யாரோ அவள் பெயரைச் சொல்லிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகு மொன்றியலில், குடியுரிமை கிடைத்த வருடம், மறுபடி போனாள். அதிகாரி பெயரைக் கேட்டார். "மேர்சி" என்றாள். அவர் "பரவாயில்லை மடாம், உங்கள் பெயர்?" என்றார். திரும்பவும் "மேர்சி" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு நன்றி என்று பொருள். அடையாள அட்டையை எடுக்காமலே வெளியே வந்துவிட்டாள்.

சனி காலை, அவள் கணவர் அன்ரன் அண்ணை புட்டைப் பிசைந்துகொண்டே எனக்குச் சொன்னார்: "ஊர்ச்சனம் வோட்டுப் போடப் போகுது. என்ர மனிசி மட்டும் போய் நன்றி சொல்லிப்போட்டு வாறா."

"நீங்கள் சாப்பிடுங்கோ. இந்தமுறை போடாட்டி இனிச் சாகுமட்டும் இல்லை. அது எனக்குத் தெரியும்" என்றாள் மேர்சி. அவள் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் அவளையும் கூட்டிக்கொண்டு போன நடைதான் இது. பார்க் நிலையத்தில் மெட்ரோ ஏறி, ஜோன் தலோனில் செம்மஞ்சள் தடத்துக்கு மாறி, ஷாம்ப் து மார்ஸில் இறங்கினோம். இருபத்தைந்து நிமிடம், ஒருவருக்கு 3.75 டொலர். வழிகாட்டியோடு போகும் நடைக்கு 22 டொலர். சரியாக 2.30க்குத் தொடங்கியது. எங்களோடு சேர்த்து வந்தவர்கள் பத்துப் பேர். எண்ணுவது என் பழக்கம். வழிகாட்டி ஹெய்ட்டியில் பிறந்தவர், அறுபது வயதிருக்கும், குடையை மடக்கிக் கைத்தடியாக ஊன்றி நடந்தார்.

அவர் அதிகம் பேசவில்லை, அது எனக்குப் பிடித்தது. ஷக் கார்த்தியே சதுக்கத்தில் காப்பிக் கடை ஒன்றின் முன்னால் நின்று, இருநூறு வருடத்துக்கு முன் இந்த நகரத்தில் மனிதரை அடிமைகளாக விற்ற விளம்பரங்கள் பத்திரிகையில் வந்ததைச் சொன்னார். கறுப்பினத்தவர், ஆதிக்குடிகள், பலரும் பெண்கள். பெயர் பாதிதான் இருக்கும். குடும்பப் பெயர் இருக்காது. ஞானஸ்நானம் கொடுத்துப் பெரும்பாலும் மரி, அதாவது எங்கள் மரியாள், என்று வைத்துவிடுவார்கள். எசமானை விட்டு வெளியேறிய ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப இந்த ஊர் நீதிபதி மறுத்தார். அதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் வேலையைப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். "அந்த இயக்கத்துக்குக் கொடி இருக்கவில்லை. கால்கள் இருந்தன" என்றார்.

சதுக்கத்தில் காற்று இல்லை. ஆனாலும் அவர் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் பின்னால் சருகுகள் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். மேர்சி திரும்பவே இல்லை.

சென் போல் தெருவில் ஒரு கல் வீட்டின் நிலவறைக்குள் நாலு மணிக்கு இறங்கினோம். பதினான்கு படிகள், கைப்பிடி ஒரு பக்கம்தான். ஒற்றை மின்குமிழ். அங்கேதான் பெண்கள் வாக்களித்த கதையைச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஊரில் சொத்துள்ள பெண்கள், பெரும்பாலும் விதவைகள், வாக்களித்தார்கள். சீட்டுக் கிடையாது. ஊர் கேட்க வாயால் பெயரையும் விருப்பத்தையும் சொல்ல வேண்டும், எழுத்தர் எழுதுவார். பிறகு சட்டம் போட்டு அவர்களை வெளியே தள்ளினார்கள். அந்த உரிமையைத் திரும்பக் கேட்ட பெண்கள் வருடா வருடம் கியூபெக் நகருக்கு ரயிலேறிப் போய், சட்டசபையின் கேலியை வாங்கிக்கொண்டு வந்தார்கள். மாகாண வாக்குரிமை 1940இல்தான் கிடைத்தது. இலங்கையில் எங்கள் பெண்களுக்கு அது 1931இலேயே வந்துவிட்டது.

"வாக்கு எண்டால் சொல்லுத்தானே. தமிழில சரியாத்தான் வைச்சிருக்கினம்" என்று மேர்சி என் காதருகே சொன்னாள்.

வழிகாட்டி மேசையில் ஒரு கொப்பியை விரித்தார். ஒவ்வொருவராக வந்து முழுப் பெயரையும் உரத்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து எழுத்தரைப் போல அவர் தலை நிமிராமல் எழுதுவார். மேர்சி ஐந்தாவது, நான் ஆறாவது. அவள் போய் நின்று, முழுப் பெயரை மறந்து, "மேர்சி" என்று மட்டும் சொன்னாள். வழிகாட்டி குனிந்தபடியே "பரவாயில்லை" என்றார்.

மேர்சி விலகினாள். அப்போது இன்னொரு குரல் "மரி" என்றது. பெண் குரல், தாழ்ந்தது, அவசரமில்லாதது. அடுத்தவர் சொல்கிறார் என்று நினைத்துக் காத்து நின்றேன். அடுத்தவள் நான்தான் என்பது இரண்டொரு வினாடி கழித்தே உறைத்தது. போய் என் பெயரைச் சொன்னேன்.

முடிந்ததும் வழிகாட்டி எண்ணினார். பத்துப் பேர், பத்துப் பெயர். சரி என்று மூடப்போனவரிடம் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேர்சியின் பெயர் இல்லை. ஐந்தாவது வரியில் மரி என்று மட்டும் இருந்தது. மற்ற ஒன்பதுக்கும் குடும்பப் பெயர் இருந்தது.

"அவர் நன்றிதானே சொன்னார். பிறகு ஒருவர் மரி என்றார், எழுதினேன்" என்றார் வழிகாட்டி. எல்லோரையும் கேட்டார். மரி என்று யாரும் இல்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு, மின்குமிழை அணைக்காமலே எங்களுக்கு முன்னால் படியேறினார்.

திரும்பும் மெட்ரோவில் லோரியே நிலையத்தில் மேர்சி என் பக்கம் திரும்பினாள். "இங்கையும் ஆரோ பேரைச் சொல்லிப்போட்டாள். என்ர இடத்தில. நாளைக்கு நான் வரேல்லை" என்றாள்.

அவர் தவறாகக் கேட்டிருப்பார், கல் அறையில் எதிரொலி வரும், பிரெஞ்சில் மேர்சியும் மரியும் ஒரே எழுத்தில் தொடங்குகிற சொற்கள் என்றெல்லாம் விளக்கினேன். நல்ல விளக்கங்கள்தான்.

"அப்ப நீ கேக்கேல்லையோ?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நாளைக்கு வருவாள் என்றும் தெரியும். "கேட்டனான்" என்றேன்.

மேர்சி யன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோன் தலோனில் கதவு திறந்தபோது சொன்னாள்: "மன்னாரில வந்தவள் என்ர பேரைச் சொன்னவள். அது களவு. இவள் தன்ர பேரைத்தானேயடி சொன்னவள்?"

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு தாள் எழுதினாள். நவம்பர் இரண்டாம் திகதி சகல ஆத்துமாக்கள் திருநாள். இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். தகப்பன், தாய், கடலில் போன தம்பி. கடைசியில் என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: நிலவறைக்குள் குளிர் அதிகம், ஒக்ரோபருக்குப் பிறகு தடித்த மேலங்கி இல்லாமல் இறங்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நிற்கலாம், வழிகாட்டி குறை நினைக்கமாட்டார். நடை மொத்தம் இரண்டு கிலோமீற்றர், கல் பாவிய தெரு, தட்டையான சப்பாத்து நல்லது. கழிவறை தொடக்கத்தில் மட்டும்தான். பெயரைச் சொல்லும்போது முழுப் பெயரையும் சொல்லுங்கள். அங்கே இனி நான் இறங்குவேனா என்று கேட்டால், பகலில், எண்ணுவதற்கு இன்னொருவர் கூட வந்தால் இறங்குவேன்.

மறுநாள் நடந்தது இது. ஒன்பதரைப் பூசையில் பெயர்களை வாசித்தார்கள். மேர்சியின் தம்பி பெயருக்குப் பிறகு வாசகர் "மரி" என்றார், அடுத்து ஏதும் இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தார், பின் அடுத்த குடும்பத்துக்குப் போனார். ஆண் குரல். நிலவறைக் குரலோடு ஒத்திருக்கவில்லை. ஒத்திருக்குமோ என்று நான் காது கொடுத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பதினொன்று பத்துக்கு வாக்குச்சாவடியாக்கியிருந்த பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனோம். எனக்கு அங்கே வாக்கில்லை, வாசலில் நின்றேன். மேசையில் இருந்த இளம்பெண் பெயரைக் கேட்டாள். மேர்சி அடையாள அட்டையை வைத்து, மண்டபமே திரும்பும்படி, "மேர்சி. நன்றி இல்லை, என் பெயர்" என்று பிரெஞ்சில் சொன்னாள். வரிசையில் சிரிப்பு எழுந்தது. மேர்சி அசையவில்லை. அந்தப் பெண் அளவுகோலை வைத்துப் பட்டியலில் கீழே இறங்கி, ஒரு வரியில் நிறுத்தி, கோடு போட்டு, சீட்டுகளைக் கொடுத்தாள். மறைப்பின் பின்னால் மேர்சி நாலு நிமிடம் நின்றாள்.

வெளியே வந்து மேலங்கியின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு சொன்னாள்: "என்ர வரி வெறுமையாத்தான் இருந்ததடி. எனக்கு முன்னம் ஒருத்தரும் வரேல்லை."