கடல்நாயின் வயிற்றில் காக்கிச் சட்டை

மிருகத்தின் கண்வழியாக எந்த நடிகனும் பார்ப்பதில்லை. கண் சும்மா பளபளப்புக்கு. பார்வையெல்லாம் வாய் வழியாகத்தான். நரித்தலை தெய்வமோ பருந்துத்தலை தெய்வமோ, வாய்க்குள் கறுப்பு வலைத்துணியை வைத்துத் தைத்துவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு மேடை தெரியும். வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கு அவன் தெரியமாட்டான். அந்த நாடகக் குழுவில் சேர்ந்த ஒவ்வொருவனும் இதை முதல் நாளே வேஷம் தைக்கும் தையலக்காவிடம் திட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாடகம் போடும் குழு அது. உலகத்துக் கதைகளில் மிருகமாக வந்த சாமிகளும் மிருகமாக மாறிய மனிதர்களும்தான் அதன் பிழைப்பு. பூமியை மூக்கில் தூக்கிய பன்றி, பெண்ணை முதுகில் ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிய வெள்ளைக் காளை, இறகு முளைத்த பாம்பு, தன் இறகையே பிடுங்கித் துணி நெய்த கொக்கு மனைவி, பாவாடைக்கு வெளியே வால் தெரிந்து மாட்டிக்கொண்ட நரிப்பெண். எல்லாரும் அரங்கத்துக்குப் பின்னால் ஒரே அறையில் ஆணியில் தொங்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் தலைகளின் உள்பக்கத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைப்பாள் தையலக்கா. உடம்புகளுக்குள் பழந்துணியை அடைப்பாள். அடைக்காவிட்டால் பஞ்சு தொங்கிப்போய் மடிப்பு விழுந்துவிடும். காளைக்கு வயிறு ஒட்டினால் முன்வரிசைப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள்.

தையலக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. கண்ணாடியின் ஒரு காலை நூல் கட்டி நிறுத்தியிருந்தாள். பல்லிடுக்கில் நாலு குண்டூசி இருக்கும்போதும் தெளிவாகப் பேசுவாள். குழுவில் எல்லாருக்கும் அவள் பேச்சு என்றால் கொஞ்சம் பயம், அவள் சாப்பாட்டு டப்பா என்றால் ரொம்பப் பிரியம்.

அவள் புருஷன் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று நாலு வருஷம் கழித்து ஒரு காலையில் முகம் மழித்து, காக்கி மாட்டி, பெல்ட் இறுக்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது பச்சைக் கேட் வீட்டுக்காரி வாசலில் நின்றிருந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு எங்க பெட்டில போன வருஷத்துக் கரண்ட் பில்லப் போட்டுட்டுப் போயிருக்காரு. உங்க வீட்டுது. நாங்க கட்டணுமா?"

இருவரும் சேர்ந்துதான் சிரித்தார்கள். இரண்டாவது தடவை அவரைத் தேடிப் பிடிக்க சாயங்காலம் ஆகிவிட்டது. மூன்றாவது தடவை ரயில் பாதை ஓரமாக நடந்துகொண்டிருந்தவரை கேட்கீப்பர் பிடித்து உட்கார வைத்திருந்தார். செருப்பு எங்கோ போயிருந்தது. உள்ளங்கால் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. பையில் காலண்டர் தாள்கள், ஒழுங்காக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு.

மகள் வேறு ஊரில் இருந்தாள். போனில் அழுதாள், பிறகு கோபித்தாள்.

"நீ வேலைக்குப் போற நேரத்துல அப்பாவ யாரும்மா பாக்கறது? ஹோம்ல சேத்துடலாம். நான் போய்ப் பாத்துட்டேன், நல்ல இடம்."

"நான் இருக்கற வரைக்கும் அவரு இந்த வீட்டை விட்டுப் போகமாட்டாரு."

"அவரே போறாரேம்மா. தினமும் போறாரு."

அவர் போவதில் ஒன்றை அவள் கவனித்து வைத்திருந்தாள். காக்கி உடம்பில் இல்லாவிட்டால் அவர் படி இறங்குவதில்லை. பனியனோடு தெருவில் நிற்பதை வாழ்நாளில் செய்யாத மனிதர். புத்தி போனாலும் அந்த மானம் போகவில்லை.

அந்த வாரம் ஒத்திகையில் கடல்நாய்ப் பெண் கதை. டைரக்டர் தரையில் உட்கார்ந்து, அந்த வேஷம் கட்டப்போகிறவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கடல்நாய் ஒன்று கரையேறித் தோலைக் கழற்றினால் பெண்ணாகிவிடும். ஒரு மீனவன் அந்தத் தோலைத் திருடி ஒளித்து வைத்துவிடுகிறான். திரும்பிப் போக வழியில்லாமல் அவள் அவனுக்கு மனைவியாகிறாள்.

"தோல் கிடைக்கவே கிடைக்காட்டி?" என்றாள் அந்த நடிகை.

"அவன்கூடவே இருந்துடுவா. ஆனா கடலையே பாத்துட்டு இருப்பா."

தையலக்காவின் மடியில்தான் அந்தத் தோல் கிடந்தது, சாம்பல் நிற ரெக்சின், பாதி தைத்தபடி. அந்தப் பதிலில் அவள் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான்.

மறுநாள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே செட் காக்கியையும் பெல்ட்டையும் துணிப்பையில் கொண்டுவந்தாள். கடல்நாயில் இரண்டு இருந்தன. ஒன்று நடிகை போர்த்திக்கொள்ளும் தோல். இன்னொன்று பாறை மேல் படுக்க வைக்கிற பொம்மை. பொம்மையின் வயிற்றில் காக்கியைச் சுருட்டித் திணித்து, மெழுகு தேய்த்த நூலால் தைத்து மூடினாள். நரித்தலை போடுகிறவன் எட்டிப் பார்த்தான். அவனைக் குழுவில் குள்ளநரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னக்கா, கடல்நாய்க்கு கவர்மென்ட் வேலை போட்டுக் குடுத்துட்டீங்களா?"

"வாய மூடு. உன் தாடை தொங்குது, மொதல்ல அதக் கழட்டிக் கொண்டா."

வீட்டில் முதல் பத்து நாள் நரகம். பீரோவைக் கலைத்துப் போட்டார். கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து தேடினார்.

"ஏய், என் சட்டை எங்க?"

"லாண்டரில போட்டிருக்கு."

"நேத்தும் அதானே சொன்ன? லாண்டரிக்காரன் என்ன செத்துட்டானா?"

"ஊருக்குப் போயிருக்கான்."

"ஆபீஸுக்கு லீவு சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"என் தெருவ யாரு பாக்கறா?"

"புதுசா ஒருத்தர் வந்திருக்காராம்."

அவர் யோசித்தார். "ரெண்டாவது சந்துல நாய் இருக்குன்னு அந்தாள்கிட்ட சொல்லச் சொல்லு. பாவம்."

பிறகு மெல்ல அடங்கினார். காலையில் முகம் மழித்து, பனியனோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, தபால் வழியை வாயாலேயே நடந்து முடிப்பார். பச்சைக் கேட், ரெண்டு குடும்பம், மாடிக்காரனுக்குத்தான் ரிஜிஸ்டர் வரும். அடுத்தது டீச்சர் வீடு, கடுதாசி கிடையாது, புஸ்தகம்தான். அப்புறம் நாய். பதினொரு மணிக்கு முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்பார். கதவைப் பூட்டாமலே அவள் வேலைக்குப் போய்வர முடிந்தது. பச்சைக் கேட் வீட்டுக்காரி நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வாள். மகளிடம் போனில் பெருமையாகவே சொன்னாள்:

"பாத்தியா? நாலு மாசமாச்சு. வாசப்படி தாண்டல."

ஐந்தாவது மாதம் அவர் சொல்லும் வழியில் டீச்சர் வீடு விட்டுப்போனது. அவள் எடுத்துக் கொடுத்தபோது, "எந்த டீச்சர்?" என்றார். அப்புறம் மாடிக்காரன். அப்புறம் நாய். ஜன்னலோரம் உட்கார்வார், உதடு அசையாது. முகம் மழிப்பதை விட்டார். தண்ணீர் கேட்பதையும் விட்டார். அவளாகக் கொடுத்தால் குடிப்பார். டாக்டரிடம் காக்கி விஷயத்தைச் சொல்லி, "அத ஒளிச்சு வெச்சதாலயா சார்?" என்று கேட்டாள். "இந்த நோய் இப்படித்தாம்மா போகும்" என்றார் அவர். இல்லை என்று சொன்னதாகவும் அவளுக்குப் படவில்லை.

அந்த மாதம்தான் கடல்நாய் நாடகம் மேடையேறியது. காலைக் காட்சி, முந்நூறு பிள்ளைகள். கதையில் ஏழு வருஷம் கழித்து மீனவனின் வீட்டில் மனைவி எதையோ தேடுகிற இடம். தோல் பரண்மேல் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். மீனவன் வைத்ததை அவர்கள் பார்த்தவர்கள். நடிகை பானைக்குள் பார்த்தாள், பாய்க்கு அடியில் பார்த்தாள். ஒரு குரல் கிளம்பியது. அடுத்த நொடி அரங்கம் முழுக்க எழுந்து நின்று கத்தியது.

"அங்க இருக்கு! மேல பாரு! அவன்தான் ஒளிச்சு வெச்சான்! திருடன்! குடுத்துடு! குடுத்துடு!"

திரைக்குப் பின்னால் தையலக்கா ஊசியும் கையுமாக நின்றிருந்தாள். பக்கத்தில் குள்ளநரி சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு மீனவன் உதை வாங்காம வீடு போகமாட்டான்க்கா" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

ஆட்டம் முடிந்து பொம்மை அறைக்கு வந்ததும் தையலைப் பிரித்தாள். காக்கியில் பசை வாடையும் ரெக்சின் வாடையும் ஏறியிருந்தது. சாயங்காலம் துவைத்து, காயவைத்து, மறுநாள் காலை கஞ்சி போட்ட மடிப்பு நிற்கிற மாதிரி இஸ்திரி போட்டுக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள்.

"லாண்டரிலேர்ந்து வந்துடுச்சு."

அவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். பித்தளைப் பட்டனை விரலால் தேய்த்தார்.

"யாரோடது?"

"உங்களோடதுதான். மாட்டிக்கோங்க. டூட்டிக்குப் போகணும்ல?"

கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்தாள். குழந்தை மாதிரி நீட்டினார். தோள் இரண்டு விரல் இறங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை வேண்டியிருந்தது. பையைத் தோளில் மாட்டி, கதவை அகலத் திறந்து, படியில் நிறுத்தினாள். எதிரே தெரு முழுக்க வெயில். இந்தப் படியிலிருந்து இவர் போய்விடக் கூடாது என்று அத்தனை மாதம் பயந்தவள் அவர் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினாள்.

"போங்க. பச்சைக் கேட் வீட்ல காத்துட்டு இருப்பாங்க. போங்களேன்."

ஒரு படி இறங்கி நின்றார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு திரும்பி, பையைத் தோளிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"போஸ்ட்மேன் விட்டுட்டுப் போயிருக்காரும்மா. வந்து கேப்பாரு. நீங்க பத்திரமா வெச்சிருங்க."

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அவளை ஒரு நாளும் 'நீங்க' என்றதில்லை. ஊரில் கதவு திறந்த எல்லாப் பெண்களிடமும் பேசிய மரியாதைக் குரல்தான் அது. அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றினாள். மகளைப் போனில் கூப்பிட்டு, "அந்த இடம் இன்னும் இருக்கான்னு கேளு" என்றாள். மகள் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். "கேளு, அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள்.

ஹோமிலிருந்து பட்டியல் வந்தது. ஆறு சட்டை, ஆறு பேன்ட், நான்கு துண்டு, எல்லாவற்றிலும் பெயர் தைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாறிப்போகும். மிருகத் தலைகளுக்குள் யார் தலை எது என்று துணித்துண்டு தைப்பாளே, அதே நாடாவில் அவர் பெயரைத் தைத்தாள். பதினாறு தடவை. பட்டியலில் காக்கி இல்லை.

வியாழக்கிழமை அடுத்த ஆட்டம். பொம்மையின் வயிறு ஒட்டிப்போய், பாறைமேல் போட்டால் காலி மூட்டை மாதிரி கிடந்தது. குள்ளநரி தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வேற துணி எதுவும் இல்லக்கா."

அவள் தன் துணிப்பையைத் திறந்தாள். உள்ளே காக்கி, இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. சட்டையை முதலில் வைத்தாள், அதன்மேல் பேன்ட், பெல்ட் ஓரமாக. அழுத்தி, இடைவெளி இல்லாமல் அடைத்து, நூலில் மெழுகு தேய்த்துத் தைத்து மூடினாள்.