லூர்து சிஸ்டருக்கு நான் போட்ட மார்க்

இங்கே காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, உடை மாற்றி, ஸ்ட்ரெச்சரைக் கையில் பிடிப்பதற்குள் எட்டுப் பேர் என்னிடம் "சவா?" என்று கேட்டுவிடுவார்கள். நல்லா இருக்கியா என்று அர்த்தம். பதிலுக்கு யாரும் நிற்க மாட்டார்கள். வந்த புதிதில் இது தெரியாமல், எங்கள் வார்டின் தலைமை நர்ஸ் கேட்டபோது நின்று, முந்தின நாள் தின்ற மீன் வயிற்றைப் புரட்டுகிறது என்று அரைகுறை பிரெஞ்சில் கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன். அந்த அம்மா முகம் வெளுத்து என்னை அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, மெல்லிய குரலில் ஆறுதல் சொல்லி, மனநல ஆலோசகரின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். நான் கேட்டது ஒரு வயிற்று மாத்திரை.

கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. ஊரில் அப்பாவுக்கு ஆப்பரேஷன் என்று சொன்ன அன்று, தோளைத் தொட்டு "கூராஜ்" என்றார். தைரியமாக இரு என்று அர்த்தம். ஆனால் ஷிப்டை மாற்றவில்லை. தியேட்டர் வாசலில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் போனை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு லிப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

நான் குருசுக்குப்பத்துக்காரன். பத்தாவதை இரண்டு முறை எழுதியும் அது என்னைத் தேற்றவில்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண் என்னைக் கட்டிக்கொண்டதால் பாரீஸ் பக்கம் வந்து சேர்ந்தேன். அதற்குமுன் நாலு வருஷம் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். அந்த வார்டுக்குத் தலைமை நர்ஸ் லூர்து சிஸ்டர். கதவைச் சாத்துகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"டேய் எருமை! எக்ஸ்ரேக்குப் போற பேஷண்ட்டு காத்துனு கெடக்குறாரு, நீ பெரிய மார்க்கெட்டுல பூ வாங்கினு நிக்கிறியா?"

"உங்களுக்குத்தான் சிஸ்டர், ரெண்டு மொழம்."

"வாய ஒடைப்பேன்!"

நாள் முழுக்க இதுதான். நோயாளிகளே சிரிப்பார்கள்.

ஒருநாள் அப்பா மீன்பிடிக்கப் போன படகு விடிந்தும் கரைக்கு வரவில்லை. லீவு கேட்டால் கெட்டது நடந்துவிட்டதென்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்து வேலைக்கு வந்துவிட்டேன். வழக்கம்போலக் கிண்டலடித்துக்கொண்டுதான் இருந்தேன். நடுநடுவே போனை மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். சிஸ்டர் யாரிடமோ விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த மூஞ்சிய வெச்சினு என் வார்டுல நிக்காத. பாக்குறவனுக்கு பிரஷர் ஏறிடும். ஓடு கரைக்கு! உங்கப்பன் வராம இந்தப் பக்கம் தலையக் காட்டின, காலை ஒடைச்சிடுவேன்."

சாயங்காலம் நாலு மணிக்கு, இஞ்சின் நின்றுபோன போட்டை இன்னொரு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. அப்பா உயிரோடு இறங்கினார். மறுநாள்தான் தெரிந்தது, அன்று முழுக்க என் ஸ்ட்ரெச்சரைத் தள்ளியது சிஸ்டர். முட்டிவலிக்காரி. வருகைப் பதிவேட்டில் நான் வேலைக்கு வந்ததாக இருந்தது. நன்றி சொல்லப் போனேன். "போடா, வேலையப் பாரு" என்றார்.

நான் விமானம் ஏறுவதற்குச் சில வாரம் முன்பு எல்லோர் போனுக்கும் ஒரு படிவம் வந்தது. 'கருணையுள்ள தலைமை: உங்கள் மேற்பார்வையாளரை மதிப்பிடுங்கள்.' ஒவ்வொரு கேள்விக்கும் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை ஐந்து முகம். அவர் உங்களிடம் குரலை உயர்த்துகிறாரா? மற்றவர் முன்னால் கண்டிக்கிறாரா? கேன்டீனில் நான் பெஞ்சுமேல் ஏறி, சிஸ்டர் குரலிலேயே ஒவ்வொரு கேள்வியையும் படித்தேன். "உண்மையத்தான் போடணும், எருமைங்களா!" விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் அழுகிற முகத்தை அமுக்கினேன். கூட இருந்த அத்தனை பேரும் அமுக்கினார்கள். அன்றைக்கு அது விளையாட்டு. நாங்கள் போட்டதில் பொய்யும் இல்லை. நீ இல்லாத அன்று உன் ஸ்ட்ரெச்சரை யார் தள்ளினார்கள் என்று ஒரு கேள்வி இருந்திருந்தால் அதற்கும் உண்மையைத்தான் போட்டிருப்போம். அப்படியொரு கேள்வி அதில் இல்லை.

போன மாதம் செல்வி கூப்பிட்டாள். இன்னும் அங்கேயே அட்டெண்டராக இருப்பவள்.

"அண்ணா, சிஸ்டர வார்டுலேர்ந்து எடுத்துட்டாங்க. மார்க்கு ரொம்பக் கம்மியாம். தட்டாஞ்சாவடியில துணி தொவைக்கிற எடத்துல பெட்ஷீட் எண்ணினு இருக்குது."

முப்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்த கை. அந்த ஆஸ்பத்திரி மேனேஜருக்கு நடந்ததையெல்லாம் எழுதி, என் பதிலை ரத்து செய்யக் கேட்டேன். 'மதிப்பீடு முடிந்துவிட்டது. தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. ரொம்ப மரியாதையாக.

ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின் சத்தம்.

"சிஸ்டர், அந்த மார்க்கு... கேன்டீன்ல எல்லாரையும் அப்படிப் போட வெச்சது நான்தான்."

"தெரியும் தம்பி. உன் சத்தம் மாடி வரைக்கும் கேட்டுச்சே."

தம்பி. நாலு வருஷத்தில் ஒருமுறைகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"திட்டுங்க சிஸ்டர். நல்லா நாலு வார்த்தை திட்டுங்க."

"இல்லப்பா. இப்பல்லாம் யாரையும் சத்தம் போடறதில்ல. ரெண்டு நாள் டிரெய்னிங் குடுத்தாங்க. அப்பா நல்லா இருக்காரா? சாப்ட்டியா? சரி, உடம்ப பாத்துக்கோ."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

இந்த வாரம் இங்கேயும் அதே மாதிரி ஒரு படிவம் வந்திருக்கிறது. அதே ஐந்து முகம். இன்னும் திறக்கவில்லை. காலையில் தலைமை நர்ஸ் "சவா?" என்று மெல்லக் கேட்டுக்கொண்டே கடந்து போனார். "சவா" என்றேன். ஆளில்லாத நீண்ட வராந்தாவில் வேண்டுமென்றே ஸ்ட்ரெச்சரை மெதுவாகத் தள்ளினேன், பின்னாலிருந்து யாராவது எருமை என்று கத்த மாட்டார்களா என்று. சக்கரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இப்போது இரண்டு ஊரிலும் என்னிடம் எல்லோரும் மெல்லத்தான் பேசுகிறார்கள்.