சிஸ்டர் வரட்டும்

என் கணவருக்குத் தொடையிடுக்கில் ஒரு புடைப்பு இருந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். பனியன் கம்பெனியில் துணி ரோல் தூக்குகிறவர். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் அது உள்ளே போகவில்லை. வாந்தி நிற்காமல் வந்தது.

ஹெர்னியா (வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்குவது) சிக்கிக்கொண்டுவிட்டது என்றார் மருத்துவர். உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். ரத்த ஓட்டம் நின்ற குடல் பகுதியை வெட்டவும் நேரலாம்.

அவரைத் தயார் செய்ய ஜெசிந்தா சிஸ்டர் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்டார். அரைஞாண் கயிற்றை அவிழ்த்து என் கையில் தந்தார்.

"பயமா இருக்காண்ணே?"

"பயமாத்தானுங்க இருக்குது சிஸ்டர்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவர் உயிர் ஊசலாடும்போது எனக்குப் பொறாமை வந்தது. அப்படியும் வருமா என்றால், வரும்.

குடலில் ஒரு துண்டை வெட்டி இணைத்தார்கள். மயக்கம் வரும்வரை சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். கண் விழித்ததும் கணவர் என்னிடம் சொன்ன முதல் செய்தி அதுதான்.

பிறகு எல்லாமே சிஸ்டர்தான். தலையணையைத் தையல்மேல் அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார் (நுரையீரலில் சளி தேங்காமலிருக்க). என் கணவர் உடனே இருமினார். நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏனுங்க, கொஞ்சம் எந்திரிச்சு நடங்க."

"சிஸ்டர் வரட்டும்."

சிஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க நடந்தார். நான் ஜன்னலைப் பார்த்து நின்றேன். கால் தடுமாறட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஒரு மாலை இடது காலை அமுக்கிவிடச் சொன்னார். இதையாவது என்னிடம் கேட்டாரே என்று ஆசையாக உட்கார்ந்தேன். கை வைத்ததும் நிறுத்திவிட்டேன். கெண்டைக்கால் தடித்துச் சூடாக இருந்தது. வீட்டில் தினமும் நான் அமுக்கிய கால், எனக்குத் தெரியாதா? சிஸ்டரைக் கூப்பிட மனமே வரவில்லை. கூப்பிட்டேன்.

பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அமுக்குனீயளா அக்கா?"

"இல்லீங்க. தொட்டதுமே வித்தியாசமாத் தெரிஞ்சுதுங்க."

"நல்லவேளை. இனி யாரும் அமுக்கப்படாது."

ஆழ்சிரை ரத்த உறைவு (கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிக்கொள்வது) என்று ஸ்கேனில் தெரிந்தது. அமுக்கியிருந்தால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட ஆரம்பித்தார்கள். இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்க சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்மேல் கோபம் போய்விட்டது. பொறாமை போகவில்லை.

நோயாளியுடன் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களிடம் மறைக்கும் வலியை அவர் செவிலியரிடம் சொன்னால் குறுக்கே போகாதீர்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறார். முன்பு ஷிப்டுக்கு அவசர அவசரமாக எழுந்து ஓடுவார். இப்போது ஒருக்களித்து, வயிற்றைப் பிடித்து எழுந்து, கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். நானும் உட்கார்ந்திருக்கிறேன். காலை நேரம் இவ்வளவு நீளம் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

நேற்று, "உள்ளுக்குள்ள இழுத்துப் புடிக்குது, சுமதி" என்றார்.

"எங்கீங்க?"

என் கையை எடுத்துத் தழும்பின்மேல் வைத்தார். உள்ளே குடல் மெல்ல அசைந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழியும் சத்தம் கேட்டது. நான் கையை எடுக்கவில்லை.