ஏர் ரைஃபிளும் பவானி ஜமக்காளமும்

இன்று காலை, துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகும் மகளின் ஏர் ரைஃபிள் காற்றுச் சிலிண்டரைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், "இருநூறு பார் அழுத்தத்துக்குக் காத்துப் புடிங்க" என்று கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கண்ணா, லாரி டயருக்கே பத்தைத் தாண்டாதுங்களே!"

கடையே சிரித்தது.

வீட்டுக்கு வந்தால், மகள் ஆன்லைனில் வாங்கிய கம்ப்ரசர் வந்திருந்தது. பேட்டரியில் ஓடுகிற குட்டி மெஷின். "நானே புடிச்சுத் தாரேன் கண்ணு" என்று சிலிண்டரை மாட்டி, அளவையும் நானே செட் பண்ணி, பட்டனை அழுத்தினேன். ஹாலே அதிர்ந்தது. இருநூறு வந்ததும் தானாக நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. இருநூற்றுப் பத்து. இருநூற்று இருபது.

வெடித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன ஆவாள்? சோபாவில் கிடந்த பவானி ஜமக்காளத்தை உருவி மெஷின்மேல் போட்டுப் பொத்திவிட்டேன்.

"அப்பா! பட்டன் உள்ள இருக்குதுங்களே, எப்படி நிறுத்தறது?"

அவள் ஜமக்காளத்துக்குள் கையை விடப் போனாள். அவளைத் தள்ளிவிட்டு நானே கையை விட்டுத் தடவினேன். பட்டன் லேசில் அகப்படவில்லை. ஒருவழியாக நின்றது.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, கோழி எதாச்சும் புடிக்கறீங்களா?"

மகள் ஜமக்காளத்தை விலக்கிப் பார்த்தாள். "முந்நூறுன்னு செட் பண்ணிப்போட்டீங்கப்பா. நாளைக்குப் போட்டிக்கும் நீங்களே புடிச்சுத் தாரீங்களா?"

"அதுக்கென்ன கண்ணு, தாரேன்" என்றேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்னங்க விளையாடுகிறார்கள்?

மகளிடம் நான் வாய்விட்டுச் சொல்லாதது இதுதான்: துப்பாக்கியை வச்சுப்போட்டு கேரம் ஆடலாமே, கண்ணு.